வசிப்பும் குடியுரிமையும்: 1957-ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூர்த் தமிழரும்

முன்னுரை

ஒரு நாட்டில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தால் ஒருவர் அந்நாட்டினர் ஆவார் என்னும் வினாவிற்கு மக்கள் வழக்கில் ஒரு விடையும் சட்ட வழக்கில் வேறொரு விடையும் உள்ளன. உழைத்துப் பொருளீட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கோயில் திருவிழாவிற்குப் பங்கு கொடுத்து, இறந்தாரை அடக்கம் செய்த மண் எதுவோ அதுவே ஊர் என்பது மக்கள் வழக்கு. எந்த அனுமதியின்பேரில் வந்தாய், எந்நாள் முதல் எந்நாள் வரை இருந்தாய், இடையில் எத்தனை மாதம் வெளியே சென்றிருந்தாய், அதற்குச் சான்று எது என்று கேட்பது சட்டம். வாழ்ந்த ஆண்டுகள் தாமாகவே உரிமையாக மாறுவதில்லை. அவற்றை வசிப்புக் காலம் என்று சட்டம் ஏற்க வேண்டும். ஏற்கும் காலத்தில் உரியவர் சென்று கேட்கவும் வேண்டும்.

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் இவ்விரு வழக்குகளும் எதிரெதிரே நின்ற காலம் ஒன்று உண்டு. அது 1957 நவம்பரில் தொடங்கிய மூன்று மாத காலமாகும். அக்காலத்தில் நிகழ்ந்ததையும், அதனை இலங்கை, மலாயா ஆகிய நாடுகளின் தமிழர் நிலையோடு ஒப்பிடும்போது புலப்படுவதையும், இன்று லிட்டில் இந்தியாவில் ஞாயிறுதோறும் கூடும் தமிழகத் தொழிலாளர்களின் சட்ட நிலை அதிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சொல்லும் பொருளும்

இத்துறைச் சொற்களைப் பற்றி முதலில் சிறிது கூற வேண்டியுள்ளது. ஐம்பதுகளில் மலாயா, சிங்கப்பூர்த் தமிழர் எழுத்தில் பிரஜை, பிரஜாவுரிமை என்னும் சொற்கள் பெருவழக்காக இருந்தன. இலங்கையில் பிரஜாவுரிமை என்பது இன்றும் வழங்குகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குடியுரிமை என்பது அதன் இடத்தைப் பெற்றுவிட்டது. பிரஜை என்பது அரசனை நோக்கிய சொல். ஆளப்படுபவன் என்னும் பொருள் அதில் தங்கியிருக்கிறது. குடி என்பதோ குடும்பம், குலம், வீடு, ஊரில் நிலைத்து இருத்தல் ஆகிய பொருள்களை ஒருங்கே தருவது. குடியேறுதல், குடிபுகுதல், குடிபெயர்தல், வீட்டு வாடகையைக் குறிக்கும் குடிக்கூலி எனப் பல சொற்கள் அவ்வேரிலிருந்து கிளைத்துள்ளன. ஆகவே குடியுரிமை என்னும் ஆக்கத்தில் நிலைத்து வாழ்தலே உரிமைக்கு அடிப்படை என்னும் கருத்து இயல்பாகவே அமைந்துவிடுகிறது. சட்டம் அவ்வளவு எளிதாக அதனை ஒப்புவதில்லை என்பது வேறு.

வாக்கும் கடவுச்சீட்டும் இன்றி நிலையாகத் தங்கும் உரிமை மட்டும் பெற்றவரைச் சிங்கப்பூரில் நிரந்தரவாசி என்கின்றனர். மலேசியாவில் நிரந்தரக் குடியிருப்பாளர் என்றோ, அட்டையின் நிறத்தை வைத்துச் சிவப்பு அடையாள அட்டைக்காரர் என்றோ வழங்குவர். இவ்விடத்தில் மாணவர்க்குக் குழப்பம் நேர்வதுண்டு. மலேசியாவில் நீல அட்டை குடிமகனுக்குரியது. சிங்கப்பூரில் குடிமகனின் அட்டை இளஞ்சிவப்பு. நீல அட்டை நிரந்தரவாசியுடையது. ஜோகூர்ப் பாலத்தின் இரு கரைகளிலும் வாழும் உறவினர் இருவர் தத்தம் நீல அட்டையை எடுத்துக் காட்டினால், ஒருவர் குடிமகன், மற்றவர் அல்லர்.

1957-க்கு முன்

பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ்ச் சிங்கப்பூருக்கு வந்த தமிழர் ஒரு பேரரசின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு வந்தவரேயாவர். இந்தியாவில் பிறந்தவரும் பிரிட்டிஷ் பிரஜை, சிங்கப்பூரில் பிறந்தவரும் பிரிட்டிஷ் பிரஜை. எனவே சீனாவிலிருந்து வந்தோரை அயலாராகக் கருதிக் கட்டுப்படுத்திய 1933-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழரைத் தொடவில்லை. வந்து செல்வதில் தடை இன்மையால் எந்நாட்டினர் என்னும் வினாவும் அவரிடையே எழவில்லை.

இந்நிலையை மூன்று நிகழ்ச்சிகள் மாற்றின. இந்தியா 1947-இல் விடுதலை பெற்று 1950 சனவரி 26 முதல் குடியரசாயிற்று. அதன் அரசியலமைப்பின் எட்டாம் பிரிவு, கடல்கடந்து வாழும் இந்திய வம்சாவளியினர் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்துகொண்டு இந்தியக் குடிமக்களாகலாம் என வழி வகுத்தது. அடுத்து வந்த 1955-ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவோ, தன் விருப்பால் பிறநாட்டுக் குடியுரிமை ஏற்பவர் இந்தியக் குடியுரிமையை இழப்பார் என்றது. இரண்டில் ஒன்றையே கொள்ளலாம், இரண்டையும் கொள்ள இயலாது. பிரதமர் நேருவின் நிலைப்பாடும் இதுவே: வாழும் நாட்டின் குடியுரிமையை ஏற்றால் அந்நாட்டினராகவே நடந்துகொள்ள வேண்டும், இந்தியக் குடிமகனாகவே இருக்க விரும்பினால் அயலாருக்குரிய நியாயமான நடத்தைக்கு மேல் எதிர்பார்த்தல் ஆகாது.

இரண்டாவது, 1952-இல் இயற்றப்பட்டு 1953 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம். அதுவரை கப்பலேறி வந்து இறங்குவதே போதுமானதாயிருந்த தமிழருக்கு அன்று முதல் நுழைவு அனுமதி வேண்டியதாயிற்று. மூன்றாவது, மலாயாக் கூட்டரசு 1957 ஆகஸ்டு 31-இல் விடுதலை பெற்றமை. அதன்பின் சிங்கப்பூர்த் தமிழர் இந்தியாவிற்கும் மலாயாவிற்கும் ஒருசேர வெளியே நின்றனர்.

1957-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிங்கப்பூரின் மக்கள்தொகை 1,445,929. அவருள் இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 124,000 பேர்; பெரும்பான்மையோர் தமிழர். இவருள் ஒரு பெண்ணுக்கு இரண்டுக்கும் மேற்பட்ட ஆண்கள் இருந்தனர் என்பதை இங்கே சிறப்பாகக் கருத வேண்டும். துறைமுகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் உழைத்த ஆடவர் பலரின் மனைவி மக்கள் தமிழகத்திலேயே இருந்தனர். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் இருந்த நகரத்தார் முகவர்களோ மூன்றாண்டுத் தவணையில் வந்து கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவதை முறையாகவே கொண்டிருந்தனர். இதற்கு மாறாகக் கடையநல்லூர், தென்காசிப் பகுதி முஸ்லிம்கள் குடும்பத்தோடு வந்து தங்கினர். 1941-இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை அமைத்து, 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியையும் நிறுவினர். எல்லாரும் சிங்கப்பூரில் வாழ்ந்தவர்களே. ஆயினும் அவர்தம் வசிப்பு ஒரே தன்மையது அன்று. பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டியவரின் வேர் கண்ணுக்குத் தெரிந்தது. மாதந்தோறும் மணியார்டர் அனுப்பியவரின் வேரை எந்த மண்ணில் தேடுவது?

சட்டம் கொணர்ந்த வாய்ப்பு

சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் 1957 அக்டோபர் 16-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் லிம் இயூ ஹொக். வெளிநாட்டில் பிறந்து சிங்கப்பூரில் நிலைத்துவிட்ட மக்களுக்கு அரசியல் உரிமை வேண்டும் என்று சீன வர்த்தகச் சங்கம் ஐம்பதுகளின் தொடக்கம் முதல் வற்புறுத்தி வந்தது. இச்சட்டம் பிறந்ததற்கு அம்முயற்சியே பெருங்காரணம். சீனாவில் பிறந்த இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோரை முன்னிறுத்தி வென்றெடுக்கப்பட்ட உரிமை தமிழருக்கும் பயன்பட்டது என்பதை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு எடுத்துக் கூறவில்லை எனலாம்.

சிங்கப்பூரில் பிறந்தோர் பிறப்பினாலேயே குடிமக்களாயினர். மலாயாக் கூட்டரசில் பிறந்தோரும், ஐக்கிய இராச்சியம், குடியேற்ற நாடுகள் ஆகியவற்றின் குடிமக்களும் ஈராண்டு வசிப்பைக் காட்டிப் பதிந்துகொள்ளலாம். பிறநாட்டில் பிறந்து நெடுங்காலம் சிங்கப்பூரில் வாழ்ந்தோருக்கும் வழி திறந்தது; பிறநாட்டுப் பற்றைத் துறந்து சிங்கப்பூருக்கு விசுவாச உறுதிமொழி எடுப்பது அதற்குரிய நிபந்தனை. நவம்பர் முதல் நாள் தொடங்கிய மூன்று மாதப் பதிவு முனைப்பிற்கு அரசு ‘ஆப்பரேஷன் ஃபிராஞ்சைஸ்’ எனப் பெயரிட்டது. வாக்குரிமை முனைப்பு என இதனைத் தமிழாக்கலாம். மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதில் பதிந்துகொண்டனர். 1955 தேர்தலில் ஏறத்தாழ 300,000 ஆக இருந்த வாக்காளர் தொகை, 1959 மே 30-இல் நடந்த தேர்தலில் 580,000-ஐக் கடந்ததற்கு இப்பதிவே முதன்மைக் காரணம்.

இச்சட்டத்தால் ஒரே வீட்டினுள்ளும் வேறுபாடு தோன்றியது. சிங்கப்பூரில் பிறந்த மகன் எதுவும் செய்யாமலே குடிமகன். அவனை வளர்த்த தந்தை விண்ணப்பம் எழுதி, சான்று காட்டி, உறுதிமொழி எடுத்தாலன்றி அயலார். சான்று காட்டுதல் அக்காலத் தொழிலாளிக்கு எளிய செயலன்று. 1942 பிப்ரவரி முதல் 1945 வரை நிகழ்ந்த சப்பானியர் ஆட்சியில் பலருடைய தாள்கள் அழிந்தன. பலருக்குப் பிறந்த நாள் தெரியாது. கப்பல் பதிவில் ஒரு விதமாகவும் முதலாளியின் சம்பள ஏட்டில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயர் ஒருவருடையதே என மெய்ப்பிக்க வேண்டும். தந்தை பெயரைத் தன் பெயரோடு சேர்த்தெழுதும் நம் வழக்கம் அலுவலர்களுக்குக் குடும்பப் பெயராகத் தோன்றிய குழப்பமும் உண்டு. இன்றும் அது முற்றாக நீங்கவில்லை. நெருக்கடிக் காலத்தில், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்கும் நோக்கில் 1948-இல் வழங்கப்பட்ட அடையாள அட்டை, பத்தாண்டுக்குப் பின் இம்மண்ணில் வாழ்ந்தமைக்குக் காட்டத்தக்க சான்றாயிற்று. காவல் கருதி ஏற்பட்ட ஒன்று உரிமைக்குத் துணையானது வியப்பிற்குரியதே.

கோ. சாரங்கபாணியும் தமிழ் முரசும்

தாள்கள் இல்லாமையினும் பெரிய தடை மனத்தில் இருந்தது. விண்ணப்பத்தில் கையெழுத்திட்டால் இந்தியக் கடவுச்சீட்டு போய்விடும். பின்னர் ஊருக்குப் போகும்போது அயலானாகப் போக நேரும். நிலபுலன் என்னவாகும் என்னும் அச்சம் இயல்பானது. முதுமையில் ஊரில் சென்று கண்மூட வேண்டும் என்ற எண்ணமும் பலரிடம் இருந்தது. இதனை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மனைவி மக்கள் ஓரிடத்தும் தொழில் ஓரிடத்துமாக வாழ்ந்தவரிடம் ஒன்றைத் துறந்து மற்றொன்றைக் கொள்ளச் சொன்னது சட்டம்.

இம்மனத்தடையை எதிர்த்து இயங்கியவருள் முதன்மையானவர் கோ. சாரங்கபாணி. 1903-இல் திருவாரூரில் பிறந்து 1924-இல் சிங்கப்பூர் வந்தவர். 1932-இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் தூண்களுள் ஒருவர். 1935 சூலையில் ஒரு காசு விலையில் வார இதழாகத் தொடங்கிய தமிழ் முரசைப் பின்னர் நாளிதழாக வளர்த்தவர். பெரனாக்கான் சீனக் குடும்பத்துப் பெண்ணை மணந்தவர். வந்த இடத்தில் வேர்விடுதல் அவருக்குத் தம் வாழ்க்கையாகவே இருந்தது. குடியுரிமைப் பதிவு தொடங்கியபோது தமிழ் முரசின் வாயிலாக அவர் இடைவிடாது வற்புறுத்தினார். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளருக்கு விண்ணப்பம் நிரப்பித் தரும் பணியிலும் அவரும் அவரைச் சார்ந்தோரும் ஈடுபட்டனர்.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த மற்றொரு முயற்சியோடு இதனைச் சேர்த்துக் காணுதல் வேண்டும். அன்று சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைப்பது பற்றி ஆலோசனை கூற அழைக்கப்பட்ட பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, அத்துறையில் சமஸ்கிருதத்திற்கு முதலிடம் அளிக்கப் பரிந்துரைத்தார். தமிழுக்கே அவ்விடம் வேண்டும் எனச் சாரங்கபாணி கிளர்ந்தெழுந்தார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதி திரட்டப்பட்டது. தோட்டத் தொழிலாளரும் துறைமுகக் கூலிகளும் சிறு தொகைகளாகக் கொடுத்த பணம் தமிழ் நூலகத்திற்கு உதவிற்று. துறை 1956-இல் சிங்கப்பூரில் தொடங்கி, 1959-இல் கோலாலம்பூருக்கு மாறியது. இந்நிதியின் வரலாறு இவ்விதழ் வாசகர் அறிந்ததே. ஆனால் நூலகத்திற்குக் காசு கொடுத்த அதே கைகள்தாம் பின்னர்க் குடியுரிமை விண்ணப்பத்தில் கைநாட்டு வைக்க வேண்டியிருந்தது என்பதை நாம் எண்ணுவதில்லை. இரண்டு முயற்சிகளும் ஒரே கேள்விக்கு விடையாக எழுந்தவை. இங்கே நிலைத்து வாழப் போகிறவர்க்குத்தான் இங்கே ஒரு தமிழ்த் துறை வேண்டும். நாளை கப்பலேறப் போகிறவர்க்கு அது எதற்கு?

மொழியின் நிலையும் இதனோடு தொடர்புடையது. சிங்கப்பூர் 1965-இல் தனிநாடானபோது மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சிமொழிகள் எனச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத ஓர் இனத்தின் மொழி அந்நிலையை அடைய அரசியல் காரணங்கள் பல உண்டு. எனினும் அவ்வினத்தார் வாக்குரிமையற்ற அயலாராகவே எஞ்சியிருப்பின் அந்நிலை வாய்த்திருக்குமா என்பது ஐயமே. இது கட்டுரையாளரின் கருத்து, மெய்ப்பிக்கத்தக்கதன்று.

இலங்கையிலும் மலாயாவிலும்

இலங்கை மலையகத் தமிழரின் நிலையை ஒப்பிட்டால் சிங்கப்பூர்ச் சட்டத்தின் தாராளம் விளங்கும். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வம்சாவளியை அடிப்படையாக்கி, தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்தோரை நாடற்றோராக்கிற்று. அதனை அடுத்து வந்த 1949-ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வசிப்பைக் கணக்கில் கொண்டது உண்மையே. 1946 சனவரி முதல் நாளுக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். அதன் பின்னும் இடையறாது வசித்திருக்க வேண்டும். போதிய வருமானமும் இருத்தல் வேண்டும். ஏறத்தாழ 825,000 பேருக்காக 237,000 விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 134,000 பேரே. எஞ்சியோர் 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்களாகப் பிரிக்கப்பட்டனர்: 525,000 பேர் இந்தியாவிற்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று. இச்சிக்கல் முடிவிற்கு வர 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இரு சட்டங்களிலும் வசிப்பு என்னும் சொல் உள்ளது. இலங்கையில் அது ஆட்களைக் கழித்துவிடும் சல்லடையாகப் பயன்பட்டது. சிங்கப்பூரில் சேர்த்துக்கொள்ளும் வாயிலாகப் பயன்பட்டது. உறவினர் திருமணத்திற்கு ஊர் சென்று ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டவரின் இருபதாண்டு வாழ்வு ஓரிடத்தில் அறுபடும். பிறிதோரிடத்தில் அவ்வாறு அறுபடாமலும் போகலாம். சட்டத்தின் சொல்லைக் காட்டிலும் அதனைச் செலுத்தும் அரசின் நோக்கமே முடிவை நிர்ணயிக்கிறது.

மலாயாக் கூட்டரசில் 1957-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, விடுதலை நாளன்று நாட்டில் வாழ்ந்தோர் முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் மொத்தம் எட்டாண்டு வசித்திருந்தால் பதிவு பெறலாம் என்றது. மலாய்மொழியில் தொடக்க அறிவு வேண்டும். எனினும் முதல் ஓராண்டிற்குள் விண்ணப்பித்தோருக்கு அத்தேர்விலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. வாய்ப்பு குறுகியதன்று. ஆனால் செய்தி எட்டாமையாலும், தோட்டத்தை விட்டு நகரிலுள்ள அலுவலகம் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருந்தமையாலும், அட்டை இருக்கிறதே போதாதா என்னும் எண்ணத்தாலும் பலர் வாளாவிருந்தனர். அதன் விலை பின்னர் தெரிந்தது. குடிமக்கள் அல்லாதார் வேலை அனுமதி பெற வேண்டும் என்னும் விதி 1969-க்குப் பின் முடுக்கப்பட்டபோது, ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர் நாட்டை விட்டு நீங்கினர் என ஆய்வாளர் கணிப்பர். அவருள் பலர் இந்தியாவைக் கண்டு பல்லாண்டுகள் ஆகியிருந்தவர்கள். சிவப்பு அட்டையோடு எஞ்சிய முதியோரை இன்றும் நம் தோட்டப்புறங்களில் காண்கிறோம். சிங்கப்பூரிலும் இதை ஒத்த சட்டம் 1965 இறுதியில் இயற்றப்பட்டது. 1958-இல் பதிந்துகொள்ளத் தவறியவர் தம் வேலைக்கே அனுமதி கேட்க வேண்டியவரானார். பிரிட்டிஷ் படைகள் 1971-இல் வெளியேறித் தளங்கள் மூடப்பட்டபோது, குடியுரிமை பெறாத தளத் தொழிலாளருக்கு நிலைமை மேலும் இறுகியது.

இன்றைய சட்டமும் லிட்டில் இந்தியாவும்

குடியுரிமை பற்றிய இன்றைய விதிகள் சிங்கப்பூர் அரசியலமைப்பின் பத்தாம் பகுதியில் அமைந்துள்ளன. அதன் 123-ஆம் பிரிவு, பதிவு கோருவோர்க்குரிய தகுதிகளைக் கூறுகிறது. நன்னடத்தை வேண்டும். விண்ணப்பத்திற்கு முந்தைய பன்னிரண்டு மாதமும் சிங்கப்பூரில் வசித்திருக்க வேண்டும். முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் மொத்தம் பத்தாண்டுக்குக் குறையாமல் வசித்திருக்க வேண்டும். இதனைத் தளர்த்த அரசுக்கு அதிகாரம் உண்டு. நிலையாக வாழும் எண்ணம் வேண்டும். மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் தொடக்க அறிவு வேண்டும். இவ்விறுதித் தகுதி தமிழாசிரியர் கவனத்திற்குரியது. தமிழறிவைத் தன் குடியுரிமைக்குரிய தகுதிகளுள் ஒன்றாக அரசியலமைப்பிலேயே எழுதி வைத்துள்ளது சிங்கப்பூர். வகுப்பறையில் தமிழின் பயனைப் பற்றி மாணவர் வினவும்போது எடுத்துக்காட்ட ஏற்ற சான்று இது.

ஆனால் நடைமுறையில் வாயில் வேறிடத்தில் உள்ளது. குடியுரிமை கோருபவர் முதலில் நிரந்தரவாசியாக இருக்க வேண்டும். இருபத்தொரு வயது நிரம்பிய நிரந்தரவாசி ஈராண்டுக்குப் பின் விண்ணப்பிக்கலாம். நிரந்தரவாசத் தகுதியைக் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையம் முடிவு செய்கிறது. சிங்கப்பூரரோடு உள்ள குடும்ப உறவு, பொருளாதாரப் பங்களிப்பு, கல்வி, வயது, குடும்ப நிலை, வசித்த காலம் ஆகியன கருதப்படும் என அரசு அறிவித்துள்ளது. இவற்றுள் வசித்த காலம் ஒன்றே தவிர, அது மட்டும் போதுமானது அன்று. 1957-இல் நிபந்தனைகளை நிறைவு செய்தவர் பெருந்திரளாகப் பதிவு பெற்றனர். இன்று ஒவ்வொரு விண்ணப்பமும் அரசின் தேர்வுக்குரியது.

இதனினும் நுட்பமான செய்தி அரசியலமைப்பின் பின்னிணைப்பான மூன்றாம் அட்டவணையில் உள்ளது. வசிப்புக் காலத்தை எவ்வாறு கணக்கிடுவது என அது வரையறுக்கிறது. ஆறு மாதத்திற்குக் குறைந்த வெளியிருப்பு வசிப்பாகவே கொள்ளப்படும். ஊருக்குச் சென்று திரும்புவோர்க்கு இது நல்ல விதி. ஆனால் குடிநுழைவுச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட தற்காலிக அனுமதிச் சீட்டின்பேரில் தங்கியிருந்த காலம், அரசின் இசைவு இருந்தாலன்றி, வசிப்பாகக் கொள்ளப்படாது. மலேசிய அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையிலும் இதை ஒத்த விதி உண்டு. ஐம்பதுகளில் பதிவு பெற்ற தமிழருள் பெரும்பாலோர் 1953-க்கு முன் அனுமதிச் சீட்டே தேவைப்படாத காலத்தில் வந்தவர்கள். அவர்தம் ஆண்டுகள் எல்லாம் வசிப்பாக எண்ணத்தக்கனவாய் இருந்தன.

இன்று தமிழகத்தின் ஊர்ப்புறங்களிலிருந்து கட்டுமானம், கப்பல் கட்டுதல் ஆகிய தொழில்களுக்கு வேலை அனுமதிச் சீட்டில் வருவோர் நிலை வேறு. ஞாயிறு மாலையில் தேக்காவிலும் ரேஸ்கோர்ஸ் சாலையிலும் வீரமாகாளியம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களிலும் இவர்களைக் காணலாம். இவ்வனுமதியில் உள்ளோர் நிரந்தரவாசத்திற்கு விண்ணப்பிக்க இயலாது. குடும்பத்தை அழைத்து வரவும் இயலாது. சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணக்க வேண்டுமாயின் மனிதவள அமைச்சின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். உறவு வேர்விடும் வழிகள் அனைத்தையும் அனுமதிச் சீட்டே அடைத்துவிடுகிறது. அதன் பின்னர், உறவு இல்லை என்பது தகுதியின்மையாகிறது. இதனை அநீதி என்று கூறுவோரும் உளர். ஒப்பந்தம் தெரிந்தே வருகின்றனர், சிறிய தீவு எத்தனை பேரை ஏற்கும் என்று கூறுவோரும் உளர். சட்டத்தின் அமைப்பை விளக்குவதே இங்கு நோக்கம். ஆயினும் 1957-இல் நம் முன்னோர் பெற்ற வாய்ப்பு இவர்களுக்கு இல்லை என்பதைத் தமிழ்க் கல்வியாளர் மறந்து, சிங்கப்பூர்த் தமிழர் வெற்றியைத் தகுதியின் விளைவாக மட்டும் எழுதுவது பிழை. வந்த காலமும் அதில் பெரும்பங்கு வகித்தது.

வேலை அனுமதிக்காரர் எத்தனை ஆண்டு பணிபுரியலாம் என்பதற்கு அண்மைக்காலம் வரை உச்சவரம்பு இருந்தது; தொழிலையும் திறனையும் பொறுத்து அது 14 முதல் 26 ஆண்டுகள் வரை அமைந்தது. 2025 சூலை முதல் அவ்வரம்பு நீக்கப்பட்டு, பணிபுரியும் வயது 63 ஆக உயர்த்தப்பட்டது. எனவே இருபத்தைந்து வயதில் வந்த ஒருவர் முப்பத்தெட்டு ஆண்டுகள் சிங்கப்பூரில் உழைக்க இனிச் சட்டத்தில் இடமுண்டு. 123-ஆம் பிரிவு கேட்கும் தமிழறிவு, வந்து இறங்கிய நாளிலேயே அவரிடம் நிறைவாக உள்ளது. அப்பிரிவு கேட்கும் பத்தாண்டு வசிப்பிலோ, முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும், அட்டவணையின் கணக்குப்படி ஒரு நாளும் சேர்ந்திராது.